கார்வேட்நகர் ஏரியும் எங்கள் தாங்கலும்

ஊருக்கு வரும் சென்னை நண்பர்களைக் கரைமேல் அழைத்துப் போனால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "இது உங்க சொந்த ஏரியா?" என்பது ஒன்று. "அப்ப உங்களுக்குத் தண்ணிக் கவலையே இல்லைன்னு சொல்லுங்க" என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம். கவலையே இந்தக் கரைதாங்க. முதல் கேள்விக்குத்தான் சட்டென்று பதில் வராது. பத்திரத்தைப் பார்த்தால் சொந்தம்தான். ஆனால் ஒரு மண்கரையைச் சொந்தமாக வைத்திருப்பது என்றால் என்ன என்று விளக்க, எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். சட்டம் படித்தவர்களில் பலரும் அந்த வழக்கைப் பாடமாகப் படித்திருப்பார்கள். பாடத்தில் வருகிற அந்த ஏரிகள் எந்தச் சீமை ஏரிகள் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

முதலில் எங்களுடையதைச் சொல்லிவிடுகிறேன். ஏரி என்று சொல்வதே கொஞ்சம் பெருமைக்குத்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதைத் தாங்கல் என்போம். நிறைந்தால் இரண்டு ஏக்கர் சொச்சத்துக்குத் தண்ணீர் நிற்கும். கரை முன்னூறு அடி நீளம், உயரமான இடத்தில் ஒன்பது அடி. ஒரு மதகு, ஒரு கோடி. கோடி என்றால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு. தெற்கே கலுங்கு என்பார்கள். அவர்கள் "மறுகால் பாயுது" என்று சொல்வதை நாங்கள் "கோடி போவுது" என்போம். குன்றிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் எங்கள் நிலத்தின் பள்ளத்தில் கூடும். அதை மறித்து என் கொள்ளுத்தாத்தா தன் சாகுபடி நிலத்துக்குள்ளேயே கட்டிய கரை இது. கரையும் பட்டாவுக்குள்தான் இருக்கிறது.

இப்படித் தனி ஆள் ஏரி கட்டுவது எங்கள் சீமையில் புதுசு இல்லை. பழைய வட ஆற்காட்டிலும் அதற்கு வடக்கே கடப்பை, அனந்தப்பூர் பக்கமும் தசபந்தம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவர் தன் காசைப் போட்டு ஏரியோ கிணறோ கால்வாயோ வெட்டினால், அதற்கு ஈடாக அவருக்கு நிலம் மானியமாகவோ, வரியில் ஒரு பங்கு தள்ளுபடியாகவோ கிடைக்கும். ஒரே நிபந்தனை, அதைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். கட்டியதற்கான பரிசு என்று இதை நினைத்துவிடக் கூடாது. கட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பிள்ளைகள் மானியத்தை அனுபவிப்பார்கள். அனுபவிக்கிற வரைக்கும் கரைக்கு மண் போட வேண்டும். கல்வெட்டுகளில் வரும் ஏரிப்பட்டியும் இதே யோசனைதான். ஒரு துண்டு நிலத்தின் விளைச்சலை ஏரி மராமத்துக்கு என்றே ஒதுக்கிவைப்பது. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பேர் போனவை. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்தது யாரை என்று பார்த்தால், அதில் ஏரி வாரியமும் ஒன்று. நம்ம ஆட்கள் தேர்தலைப் பற்றி மேடை மேடையாகப் பேசுவார்கள், ஏரியை விட்டுவிடுவார்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

இன்றைக்கு ஆந்திராவில் புத்தூர் பக்கம் இருக்கிறது கார்வேட்நகரம். பொம்மராஜா வம்சத்து ஜமீன். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணியும் அந்த ஜமீனைச் சேர்ந்ததுதான். திருத்தணி வட்டம் ஆந்திராவிடமிருந்து நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1ல். எல்லைக் கோடு நகர்ந்தாலும் மண் அதே மண், ஏரிகளும் அதே மாதிரி ஏரிகள். இங்கே ஜீவநதி எதுவும் கிடையாது. குன்றிலிருந்து ஓடிவருகிற மழைநீரை ஒரு கரை மறிக்கும், அது நிறைந்து கோடி போனால் அடுத்த ஏரிக்கு, அதுவும் நிறைந்தால் அதற்குக் கீழே. 1850களில் ஆங்கிலேய எஞ்சினியர்கள் சொன்ன கணக்குப்படி மதராஸ் மாகாணத்தின் 14 மாவட்டங்களில் மட்டும் 53,000 ஏரிகள். எல்லாக் கரைகளையும் சேர்த்தால் 30,000 மைல் வரும் என்று கணக்குப் போட்டார்கள். அதில் 10,000 ஏரிகள் அப்போதே பழுதாகிக் கிடந்தன என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்தப் பாதியை மறைத்துவிட்டு "வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்" என்று மட்டும் சொல்வது சரியில்லை. வரியை முழுசாக வாங்கிக்கொண்டு மராமத்துக்குக் கையை விரித்தது வெள்ளைக்காரன்தான் என்பதும் உண்மை.

1802ல் கம்பெனி அரசு மதராஸ் மாகாணத்து ஜமீன்தார்களோடு நிரந்தரத் தீர்வை செய்துகொண்டது. ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ் கட்டு, நிலத்தை நீ பார்த்துக்கொள் என்பது சுருக்கம். நிலத்தோடு ஏரிகளும் ஜமீன்தார் பொறுப்புக்குப் போயின. இரண்டு தலைமுறை கழித்து ரயில் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ல் மதராஸ் ரயில்வே கம்பெனி முதல் வண்டியை விட்டது. அடுத்த பத்து வருஷத்துக்குள் அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாக வடமேற்கே இன்னொரு பாதை போட்டார்கள். ரயில் பாதை என்பதும் ஒரு மண்கரைதானே. ஏரிக்கரைகளுக்குக் கீழே, தண்ணீர் போகிற திசைக்குக் குறுக்கே ஒரு நீளமான கரை. தண்ணீர் போக அங்கங்கே பாலம் வைத்திருந்தார்கள்.

ஒரு பெருமழையில் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்த இரண்டு ஏரிகள் உடைந்தன. அந்த வெள்ளம் ரயில் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. கம்பெனி ஜமீன்தார்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. வழக்கு மதராஸ் ஹைகோர்ட் வரை வந்து, அங்கேயும் கம்பெனி தோற்று, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அந்தக் காலத்தில் நமக்கு மேல் கோர்ட் அதுதான். 1874ல் தீர்ப்பு வந்தது.

கம்பெனியின் கையில் ஒரு பலமான ஆயுதம் இருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் ரைலண்ட்ஸ் என்ற மில் முதலாளி தன் மில்லுக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். கட்டியவர்கள் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருப்பதைப் பார்த்தும் ஒழுங்காக அடைக்கவில்லை. 1860 டிசம்பரில் தேக்கம் அந்தக் குழிகள் வழியாக உடைந்து, பக்கத்தில் ஃபிளெட்சர் என்பவர் நடத்திய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸுக்குக் குழி இருந்ததே தெரியாது. அவர்மேல் தப்பு இல்லை. ஆனாலும் 1868ல் பிரபுக்கள் சபை அவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. வெளியேறினால் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்து வைப்பவன், அது வெளியேறினால் வரும் நஷ்டத்துக்கும் பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்தப் பெரிய மனுஷரின் பேரில்தான் மான்செஸ்டரில் அவருடைய மனைவி கட்டிய அழகான நூலகம் இன்றும் நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் அவர் பேர் நிற்பது உடைந்துபோன ஒரு குளத்தால்.

ரைலண்ட்ஸ் பொறுப்பு என்றால் ஜமீன்தாரும் பொறுப்புதானே என்று ரயில்வே கேட்டது. நியாயமான கேள்வி. பிரிவி கவுன்சில் இல்லை என்றது. அவர்கள் சொன்ன காரணத்தை என் பாஷையில் சொல்கிறேன். ரைலண்ட்ஸ் தன் லாபத்துக்காகத் தானே இஷ்டப்பட்டுத் தண்ணீரைத் தேக்கினார். இந்த ஏரிகள் அப்படி இல்லை. சரித்திரத்துக்கு முந்தைய காலத்திலிருந்து வருகிறவை. இந்த நாட்டு ஜனங்கள் பிழைத்திருக்க அவை வேண்டும். அவற்றைக் காப்பது ஆதியில் அரசின் கடமை. ஜமீனோடு சேர்ந்து அந்தக் கடமையும் ஜமீன்தார் தலையில் இறங்கியிருக்கிறது. அவர் நினைத்தால்கூட ஏரியைத் தூர்த்துவிட முடியாது, ஏனென்றால் அதை நம்பி ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். காப்பாற்றுவதும் பழுது பார்ப்பதும் அவர்மேல் உள்ள கட்டாயம். அப்படிக் கட்டாயத்தால் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பவரை, அவர் பராமரிப்பில் அசட்டையாக இருந்தார் என்று காட்டாமல் தண்டிக்க முடியாது. அசட்டையை ரயில்வேயால் காட்ட முடியவில்லை. வழக்கு முடிந்தது.

சட்ட வகுப்பில் இதை "ரைலண்ட்ஸ் விதிக்கு ஒரு விலக்கு" என்று இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கரை வைத்திருக்கிற எனக்கு இதில் வேறு ஒன்று தெரிகிறது. ஏரியின் சொந்தக்காரருக்கு அதை அழிக்கிற உரிமை கிடையாது என்று அந்தக் கோர்ட் எழுதிவைத்திருக்கிறது. சொந்தமாக வைத்திருக்கிற ஒரு பொருளை அழிக்க முடியாது, சும்மா போட்டுவைக்கவும் முடியாது என்றால் அது என்ன மாதிரிச் சொந்தம்? ஜமீன்தாருக்குக் கிடைத்த விடுதலை அந்தக் கட்டாயத்துக்குக் கிடைத்த கூலி. தசபந்த மானியத்தில் வரித்தள்ளுபடி, இங்கே வழக்கிலிருந்து தள்ளுபடி. இரண்டுக்கும் விலை ஒன்றுதான்: வருஷா வருஷம் கரையில் மண் விழ வேண்டும்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அசட்டை நடந்தது என்று யார் காட்ட வேண்டும்? நஷ்டப்பட்டவர்தான். ரயில்வே கம்பெனி லண்டன் வரைக்கும் வக்கீல் வைத்துப் போகும். கரைக்குக் கீழே குடிசை போட்டிருந்தவன் என்ன செய்வான்? கரையில் எத்தனை எலி வளை இருந்தது, மதகு எத்தனை வருஷமாகக் கசிந்தது என்பதற்கு அவனிடம் சாட்சி ஏது? சாட்சி சொல்ல வேண்டிய கரையே அடித்துக்கொண்டு போயிருக்கும். தீர்ப்பில் பாலங்களைப் பற்றிய வழக்குதான் இருக்கிறது. பாலத்தை உடைத்த தண்ணீர் வழியில் எத்தனை கழனியில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது என்று யாரும் வழக்குப் போடவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு கரை வழக்கு நடந்தது. செஷயரில் மார்ஸ்லேண்ட் என்ற சீமாட்டி ஓடையை மறித்து அழகுக்காகக் குளங்கள் வைத்திருந்தார். 1872 ஜூனில் யாரும் கண்டிராத மழை. கரைகள் உடைந்து நாலு பாலங்கள் போயின. 1876ல் தெய்வச் செயல் என்று சொல்லி அவரையும் விட்டுவிட்டார்கள். வேடிக்கைக்கு வைத்த குளத்துக்குக் காரணம் தெய்வம், சோற்றுக்கு வைத்த ஏரிக்குக் காரணம் கடமை. எனக்கு இரண்டாவது காரணம்தான் மரியாதையாகப் படுகிறது. தெய்வச் செயல் என்று எதைச் சொல்வது என்பதும் கரையைப் பார்த்துக்கொள்கிறவன் கையில் பாதி இருக்கிறது.

அதற்கு ஒரு உதாரணம் நம் பக்கத்து மாநிலத்திலேயே உண்டு. கர்நாடகத்தில் ஒரு சர்க்கரை ஆலை மொலாசஸைத் தன் வளாகத்தில் மண்கரை போட்ட ஒரு பெரிய தொட்டியில் தேக்கி வைத்திருந்தது. கரை முழுக்க எலி வளை. ஒரு நாள் கரை பெயர்ந்து சுமார் 8,000 டன் மொலாசஸ் பக்கத்து விவசாயியின் நெல்லிலும் கரும்பிலும் பாய்ந்தது. 1987ல் கர்நாடக ஹைகோர்ட், ஆலைதான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. மழையும் இல்லை, புயலும் இல்லை. எலி!

எலியில் வந்து நின்றதால் கரை எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நகரத்து நண்பர்கள் பலர் தண்ணீரின் பாரம் தாங்காமல் கரை தள்ளிக்கொண்டு விழும் என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகப் போட்ட மண்கரை அப்படி விழாது. தண்ணீர் அதன்மேல் ஏறி வழியும், அல்லது அதற்குள் ஒரு வழி தேடிக்கொள்ளும். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

மேலே ஏறி வழிவதைப் பாருங்கள். கரை எவ்வளவு உயரம் என்று கேட்டால் எல்லோரும் உயரமான இடத்தைத்தான் காட்டுவார்கள். தண்ணீர் தாழ்ந்த இடத்தைத் தேடும். மாடு ஏறி இறங்குகிற தடம், பைக் போகிற தடம், போன மழையில் அரித்த இடம் என்று ஓரடி தாழ்ந்திருந்தால் முன்னூறு அடிக் கரைக்கும் அதுதான் உயரம். ஒரு விரல் அளவு தண்ணீர் மண்மேல் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே பின்னால் வரும், பிறகு நிறுத்த முடியாது. அதனால் ஆவணியில் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டத்தை வாங்கிக் கரை முழுக்கப் பிடித்துப் பார்ப்போம். கோடி மட்டத்துக்கு மேலே கரை எல்லா இடத்திலும் மூன்றடி இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் மண்.

கோடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கோடிகளின் தலையில் வரிசையாகக் கல்தூண் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஒன்றிரண்டு அடி தண்ணீர் நிற்கும். அடைக்க வேண்டியது பெருமழை ஓய்ந்த பிறகு. ஆசைப்பட்டு ஐப்பசியிலேயே அடைத்து வைத்தால் கார்த்திகையில் கரை போகும். இன்றைக்கு வைக்கோலுக்குப் பதில் மணல் மூட்டை. ஆசை மட்டும் அதேதான்.

உள்ளே வழி தேடுவது இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாது. எலி, நண்டு, கரையான் இவை ஒரு பக்கம். மரம் இன்னொரு பக்கம். வேலிக்காத்தான் கரையில் முளைத்தால் சுண்டு விரல் தடிமனிலேயே பிடுங்கிவிட வேண்டும். பெரிசாக விட்டுப் பிறகு வெட்டினால் அடியில் வேர் மக்கி, அந்த வேர் இருந்த இடம் அப்படியே குழாய் ஆகிவிடும். வெட்டினால் வேரைத் தோண்டி எடுத்து, குழியைக் களிமண் போட்டு இடித்து மூட வேண்டும். கரைக்கு நல்லது அருகம்புல். வெளியே அடிவாரத்தில் பனை இருக்கலாம். எல்லாவற்றிலும் பலவீனமான இடம் மதகு. மண்ணும் கல்கட்டும் சேருகிற இடம் காய்ந்து விரிசல் விடும். கோடை முழுக்கக் காய்ந்த கரையில் முதல் தண்ணீர் சேரும்போது அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கண்ணாடி பாட்டில் வைத்திருந்தார். வெளிப்பக்கம் கசிகிற தண்ணீரை அதில் பிடித்துத் திண்ணையில் வைப்பார். "தெளிவா இருந்தா கரை வேர்க்குதுடா, விடு. கலங்கி இருந்தா கரை கரையுது." கசியாத மண்கரை கிடையாது. தண்ணீரோடு மண்ணும் வருகிறதா என்பதுதான் கேள்வி. வந்தால் வெளியே இருந்து ஓட்டையை அடைக்கவே கூடாது, தண்ணீர் வேறு பக்கம் பிளந்துகொண்டு வரும். உள்ளே தண்ணீர் நுழைகிற வாயைத் தேடி, வைக்கோலோடு பிசைந்த களிமண்ணை அங்கே திணிக்க வேண்டும். வெளிப்பக்கம் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்கினால் தண்ணீர் போகும், மண் நிற்கும். எஞ்சினியரிங் புத்தகத்தில் இதற்கு வடிகட்டி என்று பேர். பயந்துபோய் மதகை முழுசாகத் திறந்து தண்ணீரை மளமளவென்று இறக்குவதும் ஆபத்து. ஊறிய உள்கரை, தாங்கிப் பிடித்த தண்ணீர் போனதும் சரிந்து விழும்.

மண் போடுவதே ஒரு தொழில். அந்தக் காலத்தில் அதில் கைதேர்ந்தவர்கள் ஒட்டர்கள். தோண்டுகிற பள்ளத்துக்கு நடுவே ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்பதற்கு அதுதான் அளவு, கூலியும் அதை வைத்துத்தான். எடுத்த மண்ணை அரையடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஆட்டு மந்தையையும் மாட்டையும் மேலே ஓட்டி மிதிக்கவிட்டு, பிறகுதான் அடுத்த அடுக்கு. கடப்பை மாவட்டம் போருமாமிள்ளவில் விஜயநகர இளவரசன் பாஸ்கரன் கட்டிய ஏரிக்கு 1369ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கிறது. தினம் 1,000 ஆட்கள், 100 வண்டிகள், இரண்டு வருஷ வேலை என்று சொல்கிறது. நல்ல ஏரிக்கு 12 அங்கம், கெட்ட ஏரிக்கு 6 தோஷம் என்று பட்டியலும் போட்டிருக்கிறார்கள். கரை கசிவது ஒரு தோஷம். இரண்டு ராஜ்யங்களின் எல்லையில் ஏரி இருப்பது இன்னொரு தோஷமாம். எங்கள் சீமையில் இதைப் படித்தால் சிரிப்பு வரும்.

இப்போது ஜேசிபி வைத்துக் கரைமேல் லோடு லோடாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பார்க்க உயரமாக இருக்கும். பழைய கரையைப் படிபடியாகக் கொத்திவிட்டுப் புது மண்ணைப் போட்டால்தான் இரண்டும் ஒட்டும். கொத்தாமல் கொட்டிய மண் முதல் மழையிலேயே தோல் உரிகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இன்னும் மோசம், அந்த மண்ணை உள்கரையின் காலடியிலேயே தோண்டி எடுப்பது. வண்டல் எடுக்கிற சாக்கில் இது நடக்கிறது. சட்டையைக் கிழித்துக் கோமணம் தைக்கிற கதை.

இவ்வளவையும் யார் செய்தார்கள்? ஜமீன்தார் கையில் மண்வெட்டி பிடிக்கவில்லை. குடிமராமத்து என்ற பேரில் ஜனங்கள்தான். கரையில் அரித்த இடத்தை மூடுவது, சப்பாத்தியும் முள்ளும் வெட்டுவது, மதகில் சேற்றை வாருவது எல்லாம் வழக்கப்படி ஊர்க்கடமை. 1858ல் அதைச் சட்டமாகவே போட்டார்கள். ஊர்க்கடமையை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதியதும் அதில் இருந்த உயிர் போயிற்று என்பது என் அபிப்பிராயம். பாரம் எல்லோர்மேலும் ஒரே மாதிரி விழுந்ததும் கிடையாது. கழனி வைத்திருந்தவர்கள் கரைமேல் நின்று வேலை வாங்கினார்கள், கழனியே இல்லாதவர்கள் பள்ளத்தில் நின்று மண் சுமந்தார்கள். பழைய பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஜமீன்தார்கள் மராமத்தைக் கைவிட்ட இடங்களில் குடிகள் கலெக்டரிடம் மனுப் போட்டு வேலை வாங்க 1908ஆம் வருஷ எஸ்டேட் நிலச் சட்டம் வழி செய்தது. ஜமீன்தாரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை பேருக்கு மனுப் போடத் தைரியம் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஏரிகள் அரசுக்குப் போயின. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்தார்கள். ஜமீன் போனது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் 1874ல் ஜமீன்தார் தலையில் இருந்த கட்டாயம் பிறகு யார் தலையில் போய் உட்கார்ந்தது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அதிகாரி மாறிக்கொண்டே இருப்பார், நீர்க்கட்டிக்கு நெல் அளக்கும் வழக்கம் நின்றுபோயிற்று. 2015 டிசம்பரில் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் ஏரிகள் உடைந்தபோது அதிசயப்பட்டவர்கள் டிவி பார்த்தவர்கள்தான்.

எங்கள் தாங்கல் அந்தக் கணக்குகள் எதிலும் இல்லை. தாத்தா பட்டா வாங்கினார், 1961ல் பங்காளிகள் மூன்று பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது: தாங்கல் கரை, மதகு, கோடி மூன்றையும் மூன்று பாகஸ்தர்களும் வருஷந்தோறும் சமபாகமாய் மராமத்து செய்து, கோடித் தண்ணீர் போகும் வழியை ஒருவரும் மறிக்காமல் அனுபவித்து வர வேண்டியது. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் யாரோ, கெட்டிக்காரர். பிரிவி கவுன்சில் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

மற்ற இரண்டு பாகமும் இப்போது எங்களிடம் இல்லை. ஒன்று பண்ணைநிலமாகச் சென்னைக்காரர் ஒருவரிடம் போயிற்று. இன்னொன்று கரைக்குக் கீழே மனைப்பிரிவாகியிருக்கிறது, 24 மனை, அதில் நாலு வீடு எழும்பிவிட்டது. கோடித் தண்ணீர் போகிற வாய்க்காலை வரைபடத்தில் இருபதடி ரோடாகக் காட்டியிருக்கிறார்கள். புதுக் கிரயப் பத்திரங்களை வாங்கிப் பார்த்தேன். நாலு எல்லை இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, மராமத்து வரியைக் காணோம். முன்பு கரை உடைந்திருந்தால் எங்கள் நெல் போயிருக்கும், பங்காளி நெல் போயிருக்கும். இன்று உடைந்தால் அந்த நாலு வீட்டுக் குழந்தைகள் தூங்குகிற இடத்துக்குத் தண்ணீர் வரும். அவர்களில் ஒருவருக்கும் மேலே ஒரு கரை இருப்பதே தெரியாது, வேலிக்குப் பின்னால் இருக்கிற மேடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாங்கலைத் தூர்த்துவிட்டால் தொல்லை விட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. குன்றுத் தண்ணீர் அப்போதும் வரத்தான் செய்யும், தேங்கி நிதானமாக வராமல் மொத்தமாக இறங்கும். கீழே இருக்கிற ஒன்பது கிணறும் கோடையில் வற்றிவிடும்.

அதனால் இந்த ஆடியில் பழைய பத்திரத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நாலு வீட்டுக்காரர்களுக்கும் பண்ணைநிலத்துக்காரருக்கும் கொடுத்தேன். ஒரு வீட்டு அம்மா மட்டும், "அண்ணா, எங்க பத்திரத்துல இல்லாத செலவை நாங்க ஏன் தரணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கரைமேல் ஏற்றி, அவர் வீட்டு மொட்டை மாடி எந்த மட்டத்தில் தெரிகிறது என்று காட்டினேன். இரண்டு வீட்டிலிருந்து ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. கோடி வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லித் தாசில்தாருக்கும் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். டியூப் மட்டம் பிடித்ததில் மதகுக்கு வடக்கே நாற்பதடி நீளத்துக்குக் கரை ஒன்றேகால் அடி தாழ்ந்திருக்கிறது. புரட்டாசிக்குள் அங்கே மண் ஏற வேண்டும். நிலத்தோடு கரையும் சேர்த்து வாங்கியிருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், கிரயப் பத்திரத்தோடு நின்றுவிடாமல் மூலப்பத்திரத்தையும் எடுத்து, மராமத்து என்ற வார்த்தை எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள்.